வாடகை வீட்டு வாசலில் புல்தரை போடலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வாசலில் 10 அடிக்கு 15 அடி வெறும் மண்ணாகக் கிடக்கிறது. கணவரும் நானும் வேலைக்குப் போகிறவர்கள், தினமும் தோட்ட வேலை பார்க்க நேரம் இல்லை. கொரியன் புல், வெள்ளைக் கூழாங்கல், நான்கு அரிகா பாம் செடிகள் என்று ஒரு நர்சரிக்காரர் 22,000 ரூபாய் கேட்கிறார். வீட்டு உரிமையாளர், “உங்கள் விருப்பம்போல் செய்துகொள்ளுங்கள்” என்கிறார். செய்யலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: வேண்டாம். 22,000 அதிகமா குறைவா என்ற கணக்குக்கே போக வேண்டாம். அவர் சொல்லும் மூன்றுமே உங்கள் நிலைமைக்கு ஒத்துவராதவை.

முதலில் புல். உங்கள் 150 சதுர அடி என்பது ஏறக்குறைய 14 சதுர மீட்டர். வெயில் காலத்தில் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவாவது தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். ஆக, தினமும் 70 லிட்டர், கத்திரி வெயிலில் அதற்கும் மேல். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக்கிடந்த ஊர் நம் சென்னை. அந்தத் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வராது என்றே நினைக்கிறேன். ஊற்றாமல் விட்டால் புல் காய்ந்து, அந்த இடைவெளியில் கோரை கிளம்பும். கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுக்க உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும்.

கூழாங்கல்லுக்கு அடியில் பெரும்பாலும் பிளாஸ்டிக் விரிப்பு போடுவார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. பக்கத்து வீட்டு வேப்பிலை வந்து கற்களுக்குள் சிக்கினால் துடைப்பத்துக்கு வராது, கையால்தான் பொறுக்க வேண்டும். அரிகா பாமுக்கு உப்பு ஆகாது. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், ஊற்ற ஊற்ற இலை நுனி கருகிக்கொண்டே வரும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு காலையில் வாசலில் நின்று நிதானமாகப் பாருங்கள். சம்ப் மூடி எங்கே இருக்கிறது? சாக்கடைச் சேம்பர் எங்கே? மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே? தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். அந்தக் குழியைச் சுற்றி இரண்டடிக்கு எதையும் நடாதீர்கள், எதைக் கொண்டும் மூடாதீர்கள். பிறகு வண்டி நிறுத்த இடம், கோலம் போட இடம். இவ்வளவும் போக மிஞ்சுவது 60, 70 சதுர அடிதான். நீங்கள் அழகுபடுத்த வேண்டிய பரப்பு அவ்வளவே.

அந்தப் பரப்புக்குப் பொடுதலை போதும். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே பொடுதலைதான். வாய்க்கால் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் தானே படர்ந்து கிடக்கும். கணுவோடு ஒரு கைப்பிடி கொண்டுவந்து அரை அடி இடைவெளியில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். வெயில் தாங்கும், மிதித்தாலும் எழும், வெட்டிவிட வேண்டியது அரிது. சின்னஞ்சிறு வெள்ளைப் பூவுக்குத் தேனீ வரும். ஊன்றிய முதல் மாதம் தினமும் தண்ணீர் தெளியுங்கள், பிறகு வாரம் இரண்டு முறை போதும். வாசலில் வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கழிவும் செங்கல் உடைசலும் இருந்தால், முதலில் அரை அடி தோண்டி அதை அப்புறப்படுத்துங்கள். அதன்மேல் எது நட்டாலும் தேறாது.

மற்ற எல்லாவற்றையும் மண்ணில் வைக்காதீர்கள், தொட்டியில் வையுங்கள். வாடகை வீட்டுக்காரருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். முன்பு நான் இருந்த ஒரு வாடகை வீட்டில் பவழமல்லியைத் தரையில் நட்டேன். நான்காம் ஆண்டு அது வாசல் முழுக்கப் பூ உதிர்க்கத் தொடங்கியபோது வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஆறு மாதம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனேன். மரம் இருந்த இடத்தில் சிமென்ட் தளம். இன்றும் அந்தத் தெருப்பக்கம் போக எனக்குப் பிடிப்பதில்லை.

தொட்டிக்கு, பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளியை அடியில் ஐந்தாறு துளை போட்டுப் பயன்படுத்துங்கள். கைப்பிடி இருப்பதால் வீடு மாறும்போது தூக்க எளிது. மண்தொட்டி பார்க்க அழகு, வேருக்கும் நல்லது. ஆனால் சீக்கிரம் காயும், லாரியில் ஏற்றும்போது உடையும். எதுவானாலும் இரண்டு செங்கல்மேல் வையுங்கள். அடியில் தட்டு வேண்டாம், தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். செம்மண், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவில் கலந்தால் போதும்.

செடிகளில் இட்லிப்பூ, நந்தியாவட்டை, காகிதப்பூ மூன்றும் நம் வெயிலுக்குப் பழகியவை. நிழல் மூலைக்கு மருள், அதாவது ஸ்னேக் பிளான்ட். செம்பருத்தி அழகுதான், ஆனால் மாவுப்பூச்சி விடாது. நேரமில்லாத உங்களுக்கு அது வேண்டாம். அரளி எதையும் தாங்கும், ஆனால் வேர் முதல் பூ வரை நஞ்சு. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் வாங்குவதானால், பூத்துக் குலுங்கும் பெரிய செடியைவிடப் பூக்காத சிறிய செடியைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் விற்கும் செடிகளில் பல ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. நிழல்வலைக்குள் இருந்ததை நேராக வெயிலில் வைத்தால் வாடிவிடும். ஒரு வாரம் நிழலில் பழக்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் எதுவும் வாங்க வேண்டாம். ஆடியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

கடைசியாக, “உங்கள் விருப்பம்போல்” என்ற வாய்ச்சொல்லை நம்பி இருக்காதீர்கள். “வாசல் மண்ணில் பொடுதலை நட்டிருக்கிறோம், தொட்டிகள் எங்களுடையவை, காலி செய்யும்போது எடுத்துச் செல்வோம், இதற்காக முன்பணத்தில் பிடித்தம் கூடாது” என்று எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். குடிவந்தபோது வாசல் இருந்த நிலைக்கு ஒரு புகைப்படமும் வேண்டும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வாடகைதாரர் பயன்படுத்தும் தோட்டத்தையும் திறந்தவெளியையும் பராமரிக்கும் பொறுப்பு வாடகைதாரருடையது. புல்தரை போட்டிருந்தால் அதைக் காப்பாற்றும் கடமையும் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

கேள்வி: அப்படியானால் செயற்கைப் புல் விரிக்கலாமா? தண்ணீரே வேண்டாமே.
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: நண்பகலில் அதன்மேல் வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிளாஸ்டிக், காலைச் சுடும்.

கேள்வி: ஒரு நர்சரி வைத்துக் கொடுத்த 12 செடிகளில் 9 செடிகள் மூன்றே வாரத்தில் காய்ந்துவிட்டன. “ஒரு மாதத்துக்குள் பட்டுப்போனால் மாற்றித் தருவோம்” என்றார்கள். இப்போது போனை எடுப்பதில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: பில் இருக்கிறதா, வாக்குறுதி எழுத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. செடி விற்பதும் நட்டுக் கொடுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவைதான். காய்ந்த செடிகளை வேரோடு படம் எடுங்கள். வேர் நர்சரிப் பையில் இருந்தபடியே சுருண்டிருந்தால், தொடக்கத்திலிருந்தே குறை இருந்ததற்கு அது நல்ல சான்று. முதலில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம், பதினைந்து நாள் அவகாசம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

பில்லே இல்லை என்றால், ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் இருக்கும் அல்லவா? அவற்றை இன்றே அச்செடுத்து வையுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் காலி செய்கிறோம். தரையில் நட்ட கறிவேப்பிலையைத் தோண்டி எடுத்துச் செல்லக் கூடாது என்கிறார் உரிமையாளர். அவர் சொல்வது சரியா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வாடகைதாரர் தாம் மண்ணோடு இணைத்ததை எடுத்துச் செல்லலாம் என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. இடத்தை முன்பிருந்த நிலையில் விட வேண்டும், வீடு உங்கள் கையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சாவி கொடுத்த பிறகு அந்த உரிமை இல்லை. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டு, இந்த வாரமே வேர்மண் உதிராமல் தோண்டி வாளிக்கு மாற்றுங்கள். குழியை மூடிச் சமன் செய்யுங்கள்.