தொட்டிக் கற்றாழை அடியில் அழுகுவது ஏன்?

கேள்வி: மொட்டை மாடியில் எட்டுத் தொட்டிகளில் அழகுக் கற்றாழை வளர்க்கிறேன். நாற்றுப்பண்ணையில் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. தினமும் காலையில் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். ஐப்பசி மழைக்குப் பின் மூன்று செடிகளில் அடி இலைகள் நீர் கோத்துக் கண்ணாடி போலாகி, தொட்டால் கையோடு வந்துவிடுகின்றன. என்ன உரம் போடலாம்? வாசலோரம் தரையிலும் சில நட ஆசை.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உரத்தை மறந்துவிடுங்கள், அம்மா. செடி பசியால் சாகவில்லை, தண்ணீரில் மூழ்கிச் சாகிறது. கற்றாழை வெயில் நேரத்தில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். அதனால் அது இழக்கும் நீர் மிகக் குறைவு. அதற்குத் தினமும் ஒரு செம்பு என்பது பாசமல்ல, தண்டனை.

செம்பை விடப் பெரிய குற்றவாளி ஒன்று உண்டு. அழுகிய செடி ஒன்றை வேரோடு எடுத்துப் பாருங்கள். நடுவில் தென்னை நார்க்கழிவு உருண்டையாக வேரைக் கட்டிப்பிடித்திருக்கும். மேல்மண் காய்ந்து வெடித்திருந்தாலும் அந்த உருண்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பண்ணைக்காரருக்கு அது வசதி: எடை குறைவு, அடிக்கடி நீர் ஊற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அதை உதிர்த்துவிட்டுத்தான் நட வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

கறுத்துக் குழைந்த வேர்களையும் அடித்தண்டையும் சுத்தமான கத்தியால் சீவுங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் பழுப்பு தெரிந்தால் இன்னும் சற்று மேலே வெட்டுங்கள். முழுதும் வெளுப்பாகத் தெரிந்தால் செடி பிழைக்கும். நான்கைந்து நாள் நிழலில் சும்மா கிடத்தி, வெட்டுக்காயம் காய்ந்த பின் நடுங்கள். ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், அரைப் பங்கு மட்கிய தொழு உரம் போதும். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணல் என்றால் தூள் போகக் கழுவுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு. தொட்டி மண்ணாலானதாகவும், அடியில் துளையுள்ளதாகவும் இருக்கட்டும். நட்ட பின் ஒரு வாரம் நீர் காட்டாதீர்கள். அதன் பிறகு, துடைப்பக் குச்சி ஒன்றை அடிவரை செருகி எடுத்து, ஈரமண் ஒட்டாமல் வந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடைமழை நாட்களில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நிழலிலிருந்து வெயிலுக்கு வந்த செடி செம்பழுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், அது நோயல்ல. இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

வாசலோரம் நடலாம். உங்கள் பக்கம் களிமண்ணாக இருந்தால் முக்கால் அடி உயரத்துக்கு மணல் கலந்த மேடு எழுப்பி, கூரைத்தண்ணீர் விழாத இடத்தில் நடுங்கள். கற்றாழை என்று சொல்லி ஆனைக்கற்றாழையை விற்றுவிடுவதும் உண்டு. அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த வேறு குடும்பம். நுனி முள் குழந்தைகளின் கண் உயரத்தில் நிற்கும். கம்பம் போல் ஒருமுறை பூத்ததும் அந்தச் செடி செத்துவிடும். உண்மையான கற்றாழை ஆண்டுதோறும் பூக்கும். இலையை உடைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: ஆனைக்கற்றாழையில் நார் நாராகக் கிழியும், சோற்றுக்கற்றாழையில் வழவழவென்று சோறு வரும்.

அழுகிய மூன்றில் எதிலாவது பக்கக்கன்று இருந்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள், பெரும்பாலும் கன்று நலமாகவே இருக்கும். உதிர்ந்த இலைகளை நட்டுக் காத்திருக்க வேண்டாம். அவை வேர்விடுவதற்குள் அழுகிவிடும்.