எம்.எஸ்சி. நர்சிங் ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அக்கா, என் தலைப்பு ஐசியு நோயாளிகளுக்குப் படுக்கைப்புண் வராமல் தடுப்பது. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் 'பெட்சோர்' என்று மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடினால் கொஞ்சம்தான் வருகிறது. ஆய்வுகளே இல்லையா?

பதில்: இருக்கின்றன, வேறு பெயர்களில். பழைய கட்டுரைகளில் டெக்யூபிடஸ் அல்சர், அப்புறம் பிரஷர் அல்சர். 2016-ல் அமெரிக்காவின் என்.பி.யு.ஏ.பி. என்ற படுக்கைப்புண் ஆலோசனை அமைப்பு அதை பிரஷர் இன்ஜுரி என்று மாற்றியது. முதல் நிலையில் தோல் கிழிவதே இல்லை, அதைப் போய் அல்சர் என்பானேன்? நான்கு பெயர்களையும் 'ஆர்' போட்டு இணையுங்கள். ஐசியு, கிரிட்டிகல் கேர் என்ற சொற்களையும் தங்களுக்குள் 'ஆர்' போட்டு இணைத்து, இந்த இரண்டு தொகுப்புகளையும் 'ஆண்ட்' போட்டுச் சேர்த்துவிடுங்கள். தேடிய தேதி, சொற்கள், வந்த எண்ணிக்கை மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். வைவாவில் கேட்பார்கள்.

கேள்வி: 20 கட்டுரைகள் படித்து, கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதினேன். கைடு 'இது ரிவ்யூவே இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், கைடு சொன்னது சரி. 'இன்னார், இத்தனை பேரிடம், பி மதிப்பு இவ்வளவு' என்று இருபது முறை எழுதினால் அது வருகைப் பதிவேடு. என் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது, இரண்டு மாத உழைப்பு வீண்.

ஓர் அட்டவணை போடுங்கள்: யாரிடம், எங்கே, என்ன செய்தார்கள், என்ன கிடைத்தது. பிறகு வரிசை வரிசையாகப் படிக்காமல், ஒவ்வொரு நெடுவரிசையாக மேலிருந்து கீழே படியுங்கள். உதாரணம் சொல்கிறேன். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். 2013-ல் வெளியான டர்ன் ஆய்வு, அமெரிக்கா, கனடா முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரிடம் 2, 3, 4 மணி நேர இடைவெளிகளை ஒப்பிட்டது. புண் வருவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உடனே '4 மணி நேரம் போதும்' என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் படுத்திருந்தது அடர்த்தி மிகுந்த ஃபோம் மெத்தையில். உங்கள் வார்டில் அந்த மெத்தை இருக்கிறதா? அவர்கள் இல்லவாசிகள், உங்கள் நோயாளி வென்டிலேட்டரில் இருப்பவர். ஆய்வுகளில் உள்ள இந்த விடுபடலைத்தான் உங்கள் ரிவ்யூ காட்ட வேண்டும், உங்கள் ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கும்.

கேள்வி: மேடம், 5 வருடத்துக்கு முந்தைய கட்டுரைகளை எடுக்கக்கூடாதாமே?

பதில்: பெரும்பாலானவை புதிதாக இருக்கட்டும். ஆனால் படுக்கைப்புண் வரும் அபாயத்தை அளக்கும் பிரேடன் ஸ்கேல் பயன்படுத்தினால் 1987-ல் வந்த மூலக் கட்டுரையைத்தான் காட்ட வேண்டும். யாரோ அதை மேற்கோள் காட்டிய கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள்.

கேள்வி: கட்டுரைகளை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று காட்டும் பிரிஸ்மா படம் கட்டாயமா?

பதில்: அது சிஸ்டமேடிக் ரிவ்யூவுக்கானது. உங்கள் கல்லூரி கேட்டால் போடுங்கள்.

கேள்வி: ஏஐ கொடுத்த ரெஃபரன்ஸ்களை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒவ்வொன்றின் டிஓஐ-யையும் (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) திறந்து பாருங்கள். தலைப்பு நிஜம்போலவே இருக்கும், கட்டுரையே இருக்காது. ஒரு மாணவியின் வரைவில் இப்படி மூன்றைப் பிடித்தேன்.

கேள்வி: முழுக் கட்டுரைக்குக் காசு கேட்கிறது அக்கா.

பதில்: முதலில் பப்மெட்டில் இலவச முழுக் கட்டுரை வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். அரசுக் கல்லூரி என்றால், ஆய்விதழ்களைப் படிக்க 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். எனக்கு ஒருவர் அன்று இரவே அனுப்பி வைத்தார்.