கிறிஸ்தவ விசுவாசத்தில் நிலையான நிம்மதி உண்மையிலேயே கிடைக்கிறதா?

"கிறிஸ்துவிடம் வந்தால் நிம்மதி கிடைக்கும் என்கிறார்கள். யாருக்காவது நிலைத்திருக்கிறதா? சாட்சி வேண்டாம், அனுபவம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு செபக் கூட்டத்துக்குப் போய், அழுது, மனம் லேசாகித் திரும்பி வந்து, அடுத்த கிழமையே பழைய பாரம் வந்து குந்திக்கொண்ட ஆளாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

முதலில் ஒன்று. நான் யாரையும் மதம் மாற்ற எழுதவில்லை. நானும் மாறி வந்தவன் இல்லை. யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கத்தில் பரம்பரைக் கத்தோலிக்கன். "பரம்பரையாய் வந்ததெல்லாம் விசுவாசமா, நீர் மறுபடி பிறந்தீரா" என்று கேட்க இங்கே சில சகோதரர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும்.

கிடைத்திருக்கிறது என்பதுதான் என் பதில். ஆனால் நோட்டீசில் அச்சடித்து விநியோகிக்கிற நிம்மதி அல்ல அது.

2007 இல் என் தம்பி காணாமற்போனான். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டியிருந்த காலம், மாலையில் ஊரடங்கு. சைக்கிளில் வெளியே போனவன் வரவில்லை. யார், எதற்கு என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு எழுதத் தேவையில்லை, இல்லாதவர்களுக்கு எழுதியும் விளங்காது.

விசுவாசம் ஒரு காப்பு என்ற எண்ணம் எங்களுக்கு அதற்கு முன்பே விட்டுப்போயிருந்தது. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் செத்தவர்கள், கோயிலுக்குக் குண்டு போட மாட்டார்கள் என்று நம்பித்தான் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. ஒரு கிழமையில் அந்தப் பங்கின் குருவானவர் ஜிம் பிறவுண் அடிகளாரே காணாமற்போனார். குருவுக்கே அந்தக் கதி என்றால், செபமாலை போட்டிருந்ததால் என் தம்பி தப்பியிருப்பான் என்று எப்படி நினைப்பது? ஆகவே "கடவுளை நம்பினால் ஒரு கெடுதலும் நடக்காது" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த ஆளை நம்பாதீர்கள்.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு கூட்டம் வந்தது. எந்தச் சபை என்று சொல்லவில்லை; எல்லாச் சபையிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், பொதுவாகத் திட்டுவதாக எடுக்கவேண்டாம். அவர்கள் அம்மாவின் தலையில் கைவைத்து நெடுநேரம் செபித்தார்கள். பிறகு, "அம்மா, உங்கட விசுவாசத்தில குறை இருக்கு. முழுசா விசுவாசிச்சா மகன் இந்த வாசலால நடந்து வருவான்" என்றார் வந்தவர்களில் ஒருவர். அம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். அவர்கள் போனபிறகு என்னிடம், "மோனை, நான் விசுவாசிக்காததாலயோ அவன் வரேல்லை?" என்று கேட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணின் தலையில் அந்தப் பழியையும் ஏற்றிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்றைக்கும் அவர்களை றோட்டில் கண்டால் எனக்குக் கதைக்க மனம் வராது. மன்னிக்கவேண்டும் என்பது தெரியும். பாடம் எடுக்கவேண்டாம்.

சரி, நிம்மதிக்கு வருகிறேன்.

தம்பியின் பிறந்தநாளுக்கு அம்மா ஒவ்வொரு வருடமும் பூசை ஒப்புக்கொடுப்பாள். எங்கள் வழக்கத்தில் கருத்து எழுதிக்கொடுக்கவேண்டும்: உயிரோடு இருப்பவருக்கு நன்றிக்காக, சுகத்துக்காக என்று, இறந்தவருக்கு ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று. அம்மா முதல் வருடம் அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு பங்குமனை விறாந்தையில் அப்படியே இருந்தாள். சுகத்துக்காக என்று எழுதினால் தன்னையே ஏமாற்றுகிறாள். இளைப்பாற்றிக்காக என்று எழுதினால் தன் கையாலேயே பிள்ளையைக் கொல்கிறாள். அப்போதிருந்த சுவாமி ஒன்றும் பேசாமல் கடதாசியை வாங்கி, தம்பியின் பெயரை மட்டும் எழுதினார். பூசையிலும் பெயர் மட்டுமே வாசிக்கப்பட்டது, முன்னும் பின்னும் ஒரு சொல் இல்லாமல். அன்று தொடங்கி இன்றுவரை எங்கள் கோயிலில் அப்படித்தான். இடையில் மாறி வந்த குருமாரும் விளக்கம் கேட்டு அம்மாவைக் கஷ்டப்படுத்தவில்லை.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அரச அலுவலகங்களில் எங்களுக்கு நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016 இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவர்களுக்கென்று தனியாக ஒரு சான்றிதழ் கொண்டுவரும்வரை, எந்த அலுவலுக்குப் போனாலும் மரணச் சான்றிதழ் எடுத்துவரச் சொல்வார்கள். "எடுங்கோ அம்மா, காசு வரும்" என்றார் ஒருவர், உதவி செய்கிற நினைப்பில். உலகத்தில் எல்லோரும் அம்மாவிடம் ஒரு முடிவைக் கேட்டார்கள். அவளிடம் முடிவு கேட்காத ஒரே இடம் கோயில் பீடம்தான். நான் கண்ட நிம்மதி அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம், அழுகை. தவக்காலத்தில் எங்கள் பக்கத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார்கள். டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது. அவர் இறந்தது 1742 இல். அதை ஒப்பாரி போல இராகம் இழுத்து வாசிக்கும்போது, மகனைப் பறிகொடுத்த மாதாவுக்காகக் கோயிலே அழும். அம்மாவும் அழுவாள். யாருக்காக அழுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் அழுதால் நாங்கள் பதறுவோம், "விடுங்கோ அம்மா" என்போம். அங்கே விடச்சொல்ல ஆளில்லை. முடிந்ததும் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மீன் வெட்டுவாள். அவளுக்கு அன்றிரவு நித்திரை வரும்.

எனக்கு அந்த வாசிப்பு அவ்வளவாக ஒத்துவராது. எனக்குச் சங்கீதங்கள், நாங்கள் திருப்பாடல்கள் என்று சொல்பவை. 150 இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடுதான். 13 ஆவது, எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளை நேராகக் கேட்கிறது. 88 ஆவது கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரி இல்லை. வேதப் புத்தகத்தைத் தொகுத்தவர்கள் அதை வெளியே எறியாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். சிலுவையில் இயேசு சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் 22 ஆவது பாடலின் முதல் வரிதான். "என் அமைதியை உங்களுக்கு அளிக்கிறேன்" என்று யோவான் நற்செய்தியில் அவர் சொல்வது பிடிபடப்போகும் இரவில். மறுநாள் என்ன நடந்தது என்பது தெரியும்தானே. அந்த அமைதியைப் பிரச்சினை தீர்ந்த அமைதி என்று போதிப்பவர்கள், அந்த அதிகாரத்துக்குப் பிறகு வருவதை வாசிக்காமல் விட்டுவிட்டார்களோ என்று நினைப்பேன்.

இதெல்லாம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நான் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20 இலிருந்து கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் இருந்த தாய்மாரில் அநேகர் சைவர்கள். அம்மாவும் போய் அவர்களோடு இருந்திருக்கிறாள். அவர்கள் தேங்காய் உடைத்தார்கள், இவள் செபமாலை உருட்டினாள். யாருடைய கடவுள் முதலில் பதில் சொல்வார் என்று அங்கே ஒருவரும் போட்டி வைக்கவில்லை. மதம் ஓர் அபின் என்று சொல்லும் தோழர்களுக்கு: அபின் எடுத்தவர் வருடக்கணக்காக வெயிலில் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கமாட்டார்.

     

உங்கள் விஷயம். மனம் லேசாகிற உணர்வைத் தேடிப் போகாதீர்கள், அது வரும் போகும். நேரம் குறித்துச் செய்கிற ஒன்றைப் பிடியுங்கள். எங்கள் வீட்டில் ஏழு மணிக்குச் செபமாலை, மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பல நாள் வாய் மட்டும்தான் சொல்லும். அந்தப் பதினைந்து இருபது நிமிடங்கள் தம்பியைப் பற்றி ஒன்றும் முடிவு செய்யாமல் இருக்க எனக்கு இடம் கிடைக்கிறது, அது போதுமாக இருக்கிறது. செபமாலை உங்கள் வழக்கத்தில் இல்லையென்றால் அந்த 13 ஆவது பாடலை உரத்து வாசியுங்கள். ஆறே வசனம்.

யாழ்ப்பாணத்தில் இருந்தால் தோலகட்டிக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். 1928 இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் துறவற சபையின் இடம். செபமும் மௌனமும் உடலுழைப்பும்தான் அவர்களுடைய வாழ்க்கை. நெல்லி ரசம் வாங்கத்தான் முக்கால்வாசிப் பேர் போவது, நீங்களும் அந்தச் சாட்டில் போகலாம். எந்தச் சபையில் சேர்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல இங்கே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.