மேற்கு ஆப்பிரிக்க அரசர்கள் தங்கள் சொந்த மக்களையே அடிமைகளாக விற்றார்களா?

விற்றார்கள். ஆனால் ‘சொந்த மக்களை’ என்பதுதான் இடிக்கிறது. ‘நாமெல்லாம் ஆப்பிரிக்கர்’ என்ற எண்ணம் அன்றைக்கு அங்கே கிடையாது. பக்கத்து நாட்டுக்காரன் அந்நியன். போரில் பிடிபட்டால் சரக்கு. சில சமயம் கடனாளிகளும் குற்றவாளிகளும் விற்கப்பட்டார்கள்.

தஹோமியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பெனின் நாட்டின் தென்பகுதி. உள்நாட்டில் முடங்கிக் கிடந்த இந்த அரசு, அரசர் அகாஜாவின் காலத்தில் 1724இல் பக்கத்து அரசான அல்லாடாவையும் 1727இல் கடற்கரையை ஒட்டிய ஊய்தாவையும் பிடித்தது. அப்புறம் ஐரோப்பியர்களோடு நேரடி வியாபாரம்தான். கைதிகளைக் கொடுத்துத் துப்பாக்கி, வெடிமருந்து, புகையிலை, துணி, சோழி வாங்கினார்கள். (மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன துணியில் சோழமண்டலக் கரையில் நெய்ததும் உண்டு, சோழி மாலத்தீவுச் சரக்கு.) வாங்கிய துப்பாக்கியோடு அடுத்த படையெடுப்பு.

இத்தனைக்கும் தஹோமியே பக்கத்து ஓயோ பேரரசுக்கு நெடுங்காலம் கப்பம் கட்டியது. ஆயுதம் இல்லாவிட்டால் தானே இரையாகிவிடுவோம் என்ற பயமும் இருந்திருக்கும். அதற்காக அரசர்களை அப்பாவிகள் என்று சொல்ல மாட்டேன். தஹோமி அரசர் கெசோ 1818இல் அரியணை ஏறியதே பிரேசிலில் பிறந்த அடிமை வியாபாரி பிரான்சிஸ்கோ டி சோசாவின் உதவியோடுதான். பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையிட்ட பிறகு, 1852இல் வியாபாரத்தை நிறுத்துவதாக ஒப்பந்தம் போட்டார். ஆனாலும் 1860இல் ‘கிளோடில்டா’ கப்பல் ஊய்தாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அலபாமாவுக்கு ஏற்றிப்போனது. அமெரிக்கா அடிமை இறக்குமதியைத் தடைசெய்து அப்போது அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

எல்லா அரசுகளும் இப்படி இல்லை. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசு (இன்றைய பெனின் நாடு வேறு), 16ஆம் நூற்றாண்டிலேயே ஆண் அடிமைகளை விற்பதற்குத் தடை போட்டு, நெடுங்காலம் அதைக் காப்பாற்றியது.