ஆரம்பகால அமெரிக்க வக்கீல்களின் வீட்டுக் காகிதங்கள் எப்படிப் பிழைத்தன?

"இருநூறு வருடத்துக்கு முந்தைய வக்கீல்கள், அதிகாரிகள் வீட்டுக் கடிதங்கள் எப்படி அழியாமல் இருக்கின்றன? அவற்றால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் குடும்பத்தில் யாரோ ஒருவர் பிடிவாதமாகச் சேர்த்து வைத்ததால்தான். ஆடம்ஸ் குடும்பத்தைப் பாருங்கள். ஜான் ஆடம்ஸ் முதலில் பாஸ்டன் வக்கீல். 1770 பாஸ்டன் துப்பாக்கிச் சூட்டு வழக்கில், ஊரே வெறுத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக வாதாடியவர். ஜனாதிபதி ஆனதெல்லாம் அப்புறம்தான். 1776இல் ஒரு பெரிய நோட்டு வாங்கி, தான் எழுதும் கடிதங்களுக்குப் பிரதி எடுக்கத் தொடங்கினார். மனைவி அபிகேலையும் அப்படியே செய்யச் சொன்னார். இருவருக்கும் இடையிலான கடிதங்கள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல்.

மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்பாவையும் மிஞ்சியவர். அவருடைய நாட்குறிப்பு 51 தொகுதிகள்! தீப்பிடிக்காத கட்டடம் கட்டி இவற்றைக் காக்க வேண்டும் என்று உயிலிலேயே எழுதிவிட்டார். குவின்சி ஊரில் 1870இல் கல் நூலகம் எழுந்தது அதனால்தான். 1956இல் குடும்பம் எல்லாவற்றையும் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுத்தது. பக்கங்களைச் சிறிதாகப் படம்பிடித்து வைக்கும் மைக்ரோஃபிலிமில் இவை 608 சுருள்கள்.

பயன்? நீதிமன்றப் பதிவேட்டில் தீர்ப்புதான் இருக்கும். வக்கீல் வாதத்துக்காகக் கிறுக்கிய குறிப்பு அவர் வீட்டுப் பெட்டியில்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால், அதைவிட ருசி அபிகேலின் கடிதங்களில்: போர்க்கால விலைவாசி, அம்மைத் தடுப்பு, பண்ணைக் கணக்கு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.