பதில்: சத்தம் காதுக்குக் காது தாவுவது தட்டின் கோளாறா?

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' என்ற இசை முடியும் நேரம் சத்தம் இடமும் வலமுமாகத் தாவுகிறது, அப்பாவின் பழைய எல்.பி.யில் அப்படி இல்லை, சிடியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். 1967 ஸ்டீரியோ மிக்ஸில், அதாவது ஒலியை இடம், வலம் என்று பிரித்துக் கலந்த பதிப்பில், வேண்டுமென்றே செய்தது அது. அப்பாவிடம் இருப்பது மோனோ பதிப்பாக இருக்கும், அதில் இரண்டு காதிலும் ஒரே ஒலிதான். இரண்டும் தனித்தனி மிக்ஸ். பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் கேட்கும். எனக்கு மோனோதான் உயிர், அவ்வளவு அழுத்தமான ஒலி. 2007இல் வந்த 40ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டுமே உண்டு. முடிந்தால் மூன்று சிடி பெட்டியை வாங்குங்கள், 1967இல் தனித்தட்டாக வந்த சிங்கிள் பாடல்களும் கிடைக்கும். பல காலம் அதிகாரபூர்வமாக வெளிவராமல் கிடந்த குழுவின் அன்றைய பாடகர் சிட் பாரெட்டின் 'வெஜிடபிள் மேன்' பாட்டு வேண்டுமானால், 2016இல் வந்த 'தி ஏர்லி இயர்ஸ்' பெட்டியின் முதல் தொகுதி போதும். மறு வருடம் அந்தத் தொகுதி தனியாகவும் வந்தது.