பி 0171 கோடு வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் காரில் என்ஜின் விளக்கு எரிகிறது. ஐடிலில் நிற்கும்போது லேசாக உதறுகிறது. ஸ்கேன் செய்ததில் பி 0171 என்று வந்தது. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு சொல்லவில்லை. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றுதான் சொல்கிறது.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். என்ஜின் கம்ப்யூட்டர் இந்தக் கணக்கை விடாமல் பிடித்திருப்பது மைலேஜுக்காக மட்டுமல்ல. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒருசேரச் சுத்தம் செய்ய, கலவை இந்த அளவை ஒட்டியே இருந்தாக வேண்டும்.

சைலன்சர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் சூடேறியதும் வேலையைத் தொடங்கும். பெட்ரோல் குறைந்தால் 0.1 வோல்ட் பக்கம், கூடினால் 0.9 பக்கம். அதைப் பார்த்து கம்ப்யூட்டர் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். இந்தத் திருத்தத்துக்குப் பெயர் ஃபியூவல் டிரிம். கூட்டிக் கூட்டியும் கலவை சரியாகாமல் எல்லை தாண்டும்போதுதான் உங்களுக்கு வந்த கோடு பதிவாகிறது.

அதனால் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, டிரிம் எத்தனை சதவீதம் என்று ஐடிலில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள காரில், ஐடிலில் 20க்கு மேல் இருந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் இறங்கினால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. நீங்கள் சொல்லும் உதறலும் அதற்குப் பொருந்துகிறது. மாறாக, வேகம் கூடக் கூட டிரிமும் ஏறினால் ஃபியூவல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கசிவு என்றால் முதலில் வேக்வம் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும் ரப்பர், வளைவின் அடிப்பக்கத்தில் பிளந்திருக்கும். விரலால் வளைத்தால்தான் வாய் திறக்கும். அருகில் காதை வைத்தால் 'உஸ்' என்ற சத்தம் கேட்பதும் உண்டு. ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் கை போக வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தும்போது சென்சார் வோல்டேஜ் மேலே துள்ளவில்லை என்றால், அப்புறம் சென்சாரைச் சந்தேகப்படலாம். சில புதிய கார்களில் வேறு வகை சென்சார் இருக்கும். அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

ஒன்று முக்கியம். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும்.